பி. ரத்தினமும் ப. ரத்தினமும்

7-4-2008, திங்கள்

என் பெயரை நானே திருடியதாக இன்று தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

காகிதத்தில் உள்ளது உள்ளபடி: 'மேற்படி பெயரில் மேற்படி தெருவில் ஏற்கெனவே ஒருவர் முதியோர் உதவித்தொகை பெற்று வருவதால், மனுதாரர் ஆள்மாறாட்டம் செய்வதாக ஐயுறப்படுகிறது. விசாரணை முடியும் வரை இருவருக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது.'

பிச்சையா மகன் ரத்தினம். வயது அறுபத்தேழு. மனைவி போய்விட்டாள், பிள்ளை இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் பதினோரு வருஷம் வாட்ச்மேன். நம்பர் எழுதாமல் ஒரு லாரியை உள்ளே விட்டவனில்லை. பள்ளிக்கூடம் போகாதவன். தமிழ் எழுத்து லாரி முதுகில் படித்தது, இங்கிலீஷ் எழுத்து நம்பர் பிளேட்டில் படித்தது. தை மாதம், வயசாகிவிட்டது என்று கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள், உதவித்தொகைக்கு மனுப் போட்டேன். போகட்டும். திருடன் என்று யாரும் சொன்னதில்லை.

ஆபீசுக்குள் 10.40. வெளியே 3.15. கேட் பழக்கம், கை தானாக எழுதுகிறது.

கிளார்க் கொம்பையா திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மோசமில்லை. "பெரியவரே, நான் என்ன செய்ய? கம்ப்யூட்டர் அப்படில்லா காட்டுது. ரத்தினம், ஆண், உங்க தெரு. மாசாமாசம் மணியார்டர் போகுது."

"யாருக்குப் போகுது?"

"அதைத்தான் நாங்க உங்ககிட்ட கேக்கோம்."

8-4-2008

தெரு முழுக்க, வீடு வீடாகக் கேட்டேன். வாடகை ரூம்களில் இருக்கும் தென்மாவட்டத்துப் பையன்களையும் விடவில்லை. ரத்தினம் என்று என்னைத் தவிர ஒரு ஆம்பளை இல்லை. அப்படியானால் அந்தப் பணத்தை நானேதான் வாங்கிக்கொண்டிருக்கிறேனா? வாங்கி எங்கே வைத்தேன்?

10-4-2008

விஏஓ ஊருக்குப் புதுசு. கம்பெனிக்கு நிலம் அளக்கப் போயிருக்கிறார். நாளையும் அளப்பாராம்.

19-4-2008, சனி

ஆள் கிடைத்துவிட்டது. தானாகவே வந்து வாசலில் நின்று கத்தியது.

தெருக்கோடியில் பூ கட்டும் அம்மா. ஐந்து வருஷமாக என் முகத்தைப் பார்க்காதவள். கம்பெனி கேட்டோரம் பூக்கூடை வைத்து உட்கார்ந்திருந்தாள், சூப்பர்வைசர் கிளப்பச் சொன்னார், கிளப்பினேன். 'பூக்காரி. அனுமதி இல்லை' என்று ரிஜிஸ்டரிலும் எழுதினேன். வேலையைத்தானே செய்தேன்.

"இன்னாய்யா வாட்ச்மேன், கேட்டாண்டயிருந்து என்னைத் தொரத்தினே. இப்ப போஸ்ட்மேனையும் தொரத்திட்டியா? எம் மணியார்டர் வர்ல. ஆபீஸ்ல கேட்டா உன்னாலதான்றாங்க."

"உன் மணியார்டருக்கும் எனக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"எம் பேரு இன்னா, சொல்லு பாக்கலாம்."

தெரியவில்லை. தெருவே பூக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறது.

"ரத்தினம். பரசுராமன் சம்சாரம் ரத்தினம்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் கத்துவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேணுமா என்று என்னிடமே கேட்டாள், என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

20-4-2008

இன்று பூரா ஒரே எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் இனிஷியல் புருஷன் பெயரிலிருந்து. பரசுராமன் — ப. என் இனிஷியல் அப்பா பெயரிலிருந்து. பிச்சையா — பி. தமிழில் இரண்டு எழுத்து, குழந்தைக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் போட்டால் இரண்டுக்கும் ஒரே P. நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்து மாறினால் அது வேறு வண்டி. மனுஷனுக்கு மட்டும் பரவாயில்லையா?

ஆனால் 'ஆண்' எப்படி வந்தது?

21-4-2008, திங்கள்

உள்ளே 10.20. வெளியே 1.05.

கொம்பையா அவள் ஃபைலைத் தேடி எடுத்தார். ரத்தினம் என்ற பெயரைப் பார்த்து, யாரோ ஒரு டைப்பிஸ்ட் ஆண் என்று அடித்திருக்கிறான். நான்கு வருஷமாக அப்படியே இருக்கிறது. கொம்பையாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பெரியவரே, ஒரு வழி இருக்கு. மனுவை வாபஸ் வாங்கிருங்க. அந்த ஆச்சி பணம் அடுத்த மாசமே போயிரும். நீங்க ரத்தினவேலுன்னு பேரை மாத்தி, புதுசா ஒண்ணு போடுங்க. சுளுவா முடிஞ்சிரும்."

"அந்த ஆள்மாறாட்டம்?"

"அது பழைய ஃபைல்ல கிடக்கும். யாரு பாக்கப் போறா?"

நான் பார்ப்பேன். அப்பா வைத்த பெயருக்கு வேலு எதற்கு? முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது வேறு மாதிரி உறுத்தியது. என் பிடிவாதத்தால் அவள் வீட்டில் அரிசி நின்றுபோனால்? நான் குறைந்த சம்பளத்தில் பழகியவன், ஒரு வேளை சாப்பாடு போதும். அவளுக்கு அந்த மணியார்டர்தான் வாடகை.

22-4-2008

அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நாளைக்கு வாபஸ் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று.

அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "வாபஸ் வாங்குனா ஃபைல்ல இன்னான்னு நிக்கும்?"

"ரத்தினம் ஆள்மாறாட்டம் பண்ணான்னு நிக்கும்."

"ரத்தினம்னா? எந்த ரத்தினம்னு போட்ருக்குமா?"

"ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான்."

"அப்ப வாபஸ் வாங்காதே. நாளைக்கு எவனாவது எடுத்துப் படிச்சா என்னையும்ல திருடின்னுவான்? வாடகைக்கு ரெண்டு மாசம் நான் சமாளிச்சுக்கிறேன். மொழம் கூட நாலு கட்டுனா ஆச்சு. நீ எழுது, வாட்ச்மேன். நல்லா காரமா எழுது."

அப்புறம்தான் அவளைக் கம்ப்யூட்டர் ஆண் என்று வைத்திருப்பதைச் சொன்னேன். கையிலிருந்த மல்லி உதிரச் சிரித்தாள். "நாலு வருசமா நான் ஆம்பளையா? இது தெரிஞ்சிருந்தா டீக்கடையில கால் மேல கால் போட்டு குந்திக்கினு பேப்பர் படிச்சிருப்பேனே."

நானும் சிரித்தேன். எவ்வளவு நாள் ஆயிற்று என்று தெரியவில்லை.

2-5-2008

மனு. நான்கு பக்கம். கிழித்துவிட்டேன். இரண்டு பக்கம் போதும்.

20-5-2008, செவ்வாய்

போஸ்ட்மேன் வசந்தகுமார் ஒரு கடிதம் கொடுத்தார்: 'நான்கு வருடமாக மணியார்டர் கொடுத்தது ஒரு பெண்ணுக்கு. பெரியவருக்கு ஒரு தபால் கார்டுகூட வந்ததில்லை.' இரண்டாவது வரி தேவையில்லை. இருந்தாலும் சாட்சி சாட்சிதான்.

ஜமாபந்திக்குப் பெரிய அதிகாரி தாலுகா ஆபீசுக்கே வருகிறாராம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஊர்க் கணக்கெல்லாம் மேஜைக்கு வரும். அங்கேதான் போக வேண்டும்.

4-6-2008, புதன்

உள்ளே 9.30. வெளியே 4.45. எழுத வேண்டியது நிறைய.

ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, கூட்டம். அவள் புதுப் புடவையில் வந்தாள். எனக்கும் சட்டையில் இஸ்திரி. இரண்டு ரேஷன் கார்டும் என் பையில்.

மைக்கில் கூப்பிட்டார்கள்: "ரத்தினம், பி."

இரண்டு பேரும் எழுந்தோம்.

அதிகாரி தலை தூக்கினார். "ஒருத்தர் உட்காருங்க."

ஒருவரும் உட்காரவில்லை. நான் பேச வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "சார், நான் குந்திக்கினா எம் பணம் போவும். அவரு குந்திக்கினா அவரு திருடன். யாரு குந்தணும், நீங்களே சொல்லுங்க."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றினார். அது நல்லதுதான், கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

அவர் மேஜையிலிருந்த காகிதத்திலேயே எழுதிக் காட்டினேன். ப. பி. "எனக்கு மேலே கொக்கி இருக்கு சார். அவங்களுக்குக் கிடையாது. அந்தக் கொக்கியை உங்க கம்ப்யூட்டர் தின்னுடுச்சு."

இரண்டு கார்டையும் பார்த்தார், போஸ்ட்மேன் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இவங்களை யாருய்யா ஆண்னு போட்டது?" கொம்பையா மேலே ஃபேனைப் பார்த்தார்.

இருவருக்கும் தொகை வழங்க ஆணை. பெயர்களைத் தமிழ் இனிஷியலோடு ஏற்ற ஆணை. "சரி, போயிட்டு வாங்க பெரியவரே."

போகவில்லை. "அந்த வார்த்தை இன்னும் ஃபைல்ல இருக்கு சார்."

அடுத்த பெயரை மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். நான் நகரவில்லை. அவளும் நகரவில்லை. அதிகாரி ஃபைலைத் திரும்ப வாங்கி, சிவப்பு மையில் 'ஆள்மாறாட்டம்' என்பதை அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு கோடு. நான் எண்ணினேன்.

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேட்டில் நான் அவள் பெயரையாவது கேட்டிருக்கலாம். சொல்ல நினைத்தேன். அவள் கிளாஸையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

11-7-2008, வெள்ளி

இரண்டு மணியார்டர் வந்தன. வசந்தகுமார் அவளுடையதை என்னிடம் நீட்டினார். "கொக்கியைப் பாருப்பா" என்றேன்.

இனி ஆக வேண்டியது:

கொம்பையா — பட்டியலில் ப. ரத்தினம் இன்னும் ஆணாகவே இருக்கிறாள். இந்த மாதத்துக்குள் பெண்ணாக்க வேண்டும்.

வசந்தகுமார் — கண்ணாடி மாற்ற வேண்டும்.

கம்பெனி மேனேஜர் — ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்தோரம் ஒரு பூக்கூடை வைக்க இடம் விட வேண்டும். மனு எழுதிவிட்டேன். ஒரு பக்கம். கீழே பி. ரத்தினம் கையெழுத்து, ப. ரத்தினம் கைநாட்டு.

கேட்டில் இப்போது இருக்கும் வாட்ச்மேன் — யார் வந்தாலும் பெயர் கேட்டு எழுத வேண்டும். பூக்காரி என்று எழுதக் கூடாது. நேரில் சொல்ல வேண்டும், என் தப்பு என்றும் சேர்த்து.

ரத்தினம் — என்னை வாட்ச்மேன் என்று கூப்பிடுவதை விட வேண்டும். (ஒத்துக்கொள்ளவில்லை. "பின்ன, ரத்தினம்னு கூப்புடவா? என்னை நானே கூப்ட்டுக்கினு கீற மாதிரி இருக்கும்.")

நான் — நாளைக் காலை எட்டு மணி ஷிஃப்ட்டுக்கு முன்னால், மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் கூடையை அந்தக் கேட் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும்.