நீ கொடுத்தனுப்பிய நல்ல மண்

என் அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நாளைக் காலை நம் வயலைப் பற்றி அதிகாரிகள் விசாரணை. அங்கே உன்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரார் காதில் விழுவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் வயலடியில் கம்பெனி பதித்த எண்ணெய்க் குழாய் வெடித்த அன்று நான் ஊரில் இல்லை. பயிர் மஞ்சளாகி, தண்ணீர்மேல் கறுப்பாக ஆடை கட்டி நின்றதை அண்ணன் போனில் சொன்னான். கம்பெனிக்காரர்கள் மேலே படிந்ததை வழித்தெடுத்துவிட்டு, வயலில் நாலு இடத்தில் மண் எடுத்துப் பையில் போட்டுக் கொடுங்கள், சோதித்துப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீயும் கொடுத்தாய். நிழலில் உலர்த்தி, மாவுச் சல்லடையில் சலித்துக் கொடுத்தாயாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்கிற மாதிரி அத்தனை சுத்தம்.

அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? மண்ணில் குறையே இல்லை, பயிர் பதராகிச் சாவியானதற்குச் சாகுபடி செய்தவர்களின் கவனக்குறைவுதான் காரணம். அதைக் கேட்காமலே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

"கண்ணுக்கே தெரியாதத எப்படிடி எண்ணுற?" என்று கேலி செய்வாயே, ஆய்வுக்கூடத்தில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை எண்ணும் அந்த வேலையைத்தான் நம் வயலுக்கும் செய்தேன். குழாயோரம் நானே வெட்டி எடுத்த மண்ணைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். எண்ணெயைத் தின்று பிழைக்கும் பாக்டீரியா தட்டு நிறைய. பயிருக்குத் தழைச்சத்துச் சேர்க்கிறவை அங்கொன்று இங்கொன்று. எண்ணெய் ஊறாத மண்ணில் இப்படி ஆகாது. அப்படியானால் சோதனைக்குப் போனது எந்த மண்?

அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். கடைசியில் ஒப்புக்கொண்டான்.

"அம்மாதான் மேட்டுல எண்ணெ படாத நாத்தங்கா மண்ண அள்ளிக் குடுத்துச்சு. நம்ம கைக்கு வந்து நெலம் கெட்டுப்போச்சுன்னு எழுதிடுவாங்கன்னு பயந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் உன் படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன். பிறகுதான் உறைத்தது. கூலி கேட்டுக் கொடி பிடித்து, அடிபட்டு, உச்சவரம்புச் சட்டத்தில் இந்த மூன்று மா நிலம், ஒரு ஏக்கர், உன் பெயருக்குப் பட்டாவான அன்று, பண்ணையார் வரப்பில் நின்று, ஒரே வருஷத்தில் இதைக் கட்டாந்தரை ஆக்கிவிடுவீர்கள் என்றாராமே. அந்தப் பேச்சுக்காகவே சாகும்வரை வயலில் ஒரு கோரையைத் தலைதூக்க விட்டதில்லை நீ. கடைசியில் கம்பெனி எழுதியதும் அதே பேச்சுத்தான் அம்மா. நீயே அவர்கள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டாய்.

இதை விசாரணையில் சொல்லக்கூடாது என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். செத்துப்போனவளைப் பொய்க்காரி ஆக்குவாயா என்று கேட்டுவிட்டு, இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் பழைய அறிக்கையே நிற்கும். மண்ணைச் சுத்தம் செய்ய யாரும் வரமாட்டார்கள், அதே ஓட்டைக் குழாயில் மறுபடி எண்ணெய் ஓடும். திறந்தால், ஏற்கெனவே ஏமாற்றிய குடும்பம்தானே என்பார்கள். என் சோதனையையும் நம்பமாட்டார்கள். நீ இருந்தால் என்ன செய்யச் சொல்லியிருப்பாய் என்று நேற்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அண்ணன் ஒரு வேலையாக வலங்கைமானுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"நீ சொல்ல வேணாம். பைய எடுத்துட்டுப் போயிக் குடுத்தது நான். நானே சொல்றேன்."

அவன் போன பிறகுதான் அழுதேன்.

நாளை அவன் சொல்வான். அடுத்து நான் என் முடிவுகளை வைப்பேன். நம்பாவிட்டால், எல்லாரையும் வயலுக்கு அழைத்துப் போய்க் குழாயோரம் முழங்கை ஆழத்துக்கு அவர்களையே வெட்டச் சொல்வேன். நீ பார்த்துப் பார்த்து வைத்திருந்த மண் ஊருக்கு முன்னால் நாறும் அம்மா. நாறட்டும். அதைக் கெடுத்தது நம் கை இல்லை என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அந்த வரப்பை விட்டு நகரமாட்டேன்.

நீ பெற்ற வாயாடி,
செல்வி