பஸ்ஸுக்குள் எட்டு மணி நாடகம்

2006 ஜனவரி 11, புதன்

பஸ் வந்து சேர்ந்தது. ஓப்பநாயக்கவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஒன்பது வளைவு. ஏழாவது வளைவில் நின்றுவிட்டது. கொழுந்து லொறியில் கட்டி இழுத்து வந்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு ஓய்வு பெற்ற பஸ்.

முப்பத்தாறு வருடம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவனுக்குக் காணி இல்லை, வீடு இல்லை. ஏப்ரல் முப்பதாம் தேதி குவாட்டஸைக் காலி செய்ய வேண்டும். மகள் சுகந்தினி அரநாயக்கவில் லயத்து வரிசை வீட்டில் இரண்டு அறைக்குள் இருக்கிறாள். அங்கே போய் நாமும் நுழைவதா? பஸ் என்றால் வீடும் ஆச்சு, ஊர் சுற்றியதும் ஆச்சு. சீட்டுகளைக் கழற்றிவிட்டேன். கட்டில் போட்டாயிற்று. டிரைவருக்குப் பின்னால் அடுப்பு.

என் மனைவி இருளாயி ஏறிப் பார்த்தாள். முன்கதவால் ஏறி, நேரே நடந்து, பின்கதவால் இறங்கிப் போய்விட்டாள். பஸ்ஸில் அதுதான் முறை. வீட்டில்?

ஜனவரி 13, வெள்ளி

இரண்டு நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் சரிவுல நின்னு கொழுந்தெடுத்தேன். கடைசியில சக்கரத்து மேல குடியிருக்கச் சொல்றீங்களா, வாத்தியாரே?"

நத்தையை உதாரணம் காட்டினேன். வீட்டையே முதுகில் வைத்துக்கொண்டு எவ்வளவு நிம்மதியாகத் திரிகிறது!

"நத்தை பொண்டாட்டியக் கேட்டுக்கிட்டுத் திரியுதா?"

உதாரணம் சரியில்லை. வேறு யோசிக்க வேண்டும்.

ஜனவரி 22, ஞாயிறு

இன்று டிஷ் பூட்டினோம். பெல்மதுளையில் டிவி திருத்தும் மக்கீன் ஆறடித் தட்டைக் கூரையில் ஏற்றி, முன்பு பயணிகளின் மூட்டை கட்டிய கம்பியில் முறுக்கினான். இந்தியச் சேனல் தெரிந்தால் இருளாயி மனம் மாறுவாள் என்பது என் நம்பிக்கை. எட்டு மணி நாடகத்தை அவள் லயத்துக் கேபிளில் நான்கு வருடமாக ஒரு நாள் விடாமல் பார்க்கிறாள். அதில் பூங்கொடி என்று ஒரு மருமகள். என் சொந்தத் தங்கைக்கு என்ன வருத்தம் என்று இருளாயிக்குத் தெரியாது. பூங்கொடிக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியும்.

சிக்கல் என்னவென்றால், பஸ் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் படம் வராது. மலைத் தோட்டத்தில் சமமான இடத்துக்கு எங்கே போவது? மூன்றே இடம்: தொரை பங்களாவின் புல்வெளி, பிள்ளையார் கோயில், இப்போது யாரும் கொழுந்து நிறுக்காத பழைய மடுவம். முதலாவதைக் கேட்க முடியாது. இரண்டாவதில் பிள்ளையார் இருக்கிறார். மடுவத்துப் பக்கத்தில் நிறுத்தினோம். கோயிலிலிருந்து வயர் இழுத்துக்கொள்ள கமிட்டித் தலைவர் அழகமுத்து சம்மதித்தார். பதிலுக்கு, போன வருடத் தேர்த் திருவிழா வீடியோவை அவர் கேட்கும்போதெல்லாம் போட்டுக் காட்ட வேண்டும். அதில் அவர்தான் அதிகம் வருகிறார்.

மக்கீன் ரசமட்டம் வைத்தான். நான் சோற்றுத் தட்டில் தண்ணீர் நிறைத்து பஸ்ஸின் நடுவில் வைத்துப் பார்த்தேன். சக்கரத்தடியில் பலகை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, ஒன்றரை மணி நேரம். பிறகு அவன் கூரையில் நின்று தட்டைத் திருப்ப, நான் உள்ளேயிருந்து திரையில் வந்த இலக்கத்தைக் கத்தினேன்.

"இருபத்தெட்டு!"

"பாஸா பெயிலா, சேர்?"

"பெயில்! இன்னும் கொஞ்சம்... நாப்பது! சாதாரண சித்தி! திருப்பாதே! ஐயோ, போச்சு!"

கொழுந்துக்குப் போன பெண்கள் கூடைகளோடு நின்றுவிட்டார்கள். எழுபத்தெட்டு வந்தபோது நான் "அதிவிசேட சித்தி!" என்று கத்த, அவர்கள் கைதட்டினார்கள். என் மாணவர் ஒருவருக்கும் இப்படிக் கைதட்டு விழுந்ததில்லை.

ஜனவரி 24, செவ்வாய்

பெய்தது இரத்தினபுரி மழை. படம் போய்விட்டது. ஏறிப் பார்த்தால், தட்டில் முக்கால்வாசி தண்ணீர். காகம் ஒன்று குளித்துக்கொண்டிருந்தது.

சட்டலைட் நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. அதனால் நம் ஊர்த் தட்டு மற்ற நாட்டுத் தட்டுகளைப் போலச் சாய்ந்து நிற்பதில்லை, சோற்றுக்கு ஏந்திய கோப்பை மாதிரி மல்லாந்து கிடக்கிறது. இதை அழகமுத்துவுக்கு ஒரு குடையைக் கவிழ்த்துக் காட்டி விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அபிஷேகப் பாத்திரம் ஒண்ணு கொறையுது மாஸ்டர். திருவிழாவுக்கு இரவலாத் தாங்க" என்றார்.

மக்கீனுக்குப் போன் செய்தேன். "நடுவுல ஓட்டை ஒண்ணு போடுங்க, சேர். ஹரி, எல்லாம் சரியாயிரும்."

ஓட்டை போட்டேன். இப்போது தண்ணீர் கூரைப் பொத்தல் வழியாகக் கட்டிலின் மேல் விழுகிறது.

ஜனவரி 25

ஓட்டைக்குக் கீழே குழாய் வைத்து வெளியே விட்டாயிற்று.

பெப்ரவரி 12, ஞாயிறு

வீடியோ டெக்கும் வந்துவிட்டது. டிவிக்குக் கீழே பலகை அடித்து வைத்தோம். நேரம் சொல்லி வைத்தால் தானாகவே விழித்து, தானாகவே பதிந்து, தானாகவே தூங்கிவிடும். இப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்க்கவில்லை.

பெப்ரவரி 18, சனி

சுகந்தினிக்கு இது நிறைமாதம். இருளாயி நாளைக்கு அரநாயக்க போகிறாள். மூன்று மாதம் இருப்பாளாம். அந்த லயத்தில் இந்தியச் சேனல் கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு டெக் மட்டும் இருக்கிறது. பெட்டியைக் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க பஸ்ஸு வீடா இல்லையான்னு நான் சொல்றேன். வீடுன்னா, வீட்டுல இல்லாதவளுக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கணுமில்ல? நான் வர்ற வரைக்கும் நாடகத்த ஒரு நாள் விடாமப் பிடிச்சு வைங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கொண்டாந்து குடுங்க."

"தப்பினால்?"

"நான் சுகந்தினியோடயே இருந்துக்கிறேன். நீங்க பஸ்ஸுல போய்ட்டு வாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இவள் சிரித்துக்கொண்டு சொன்னது எதையும் மாற்றிப் பார்த்ததில்லை.

பெப்ரவரி 24, வெள்ளி

ஐந்து நாளும் பிடித்தாயிற்று. ஒரு கேசட்டில் ஒரு வாரம் அடங்குகிறது.

மார்ச் 8, புதன்

பேத்தி. இரண்டே முக்கால் கிலோ. நாடகமும் பிடித்தாயிற்று.

மார்ச் 25, சனி

அரநாயக்க போய் வந்தேன். நாலு பஸ் மாறி, போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். இருளாயி முதலில் கேசட்டை வாங்கிக்கொண்டு, பிறகுதான் பிள்ளையைக் கையில் தந்தாள். பக்கத்து வீட்டில் பெண்கள் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். மருமகன் இந்திரகுமார் காதோரம் சொன்னான்: "மாமா, நீங்க வர்ற அன்னைக்குத்தான் இந்த லயத்துல சண்டை இல்ல."

ஏப்ரல் 12, புதன்

அரசாங்கம் மணியை மாற்றுகிறது. பத்து வருடமாக நாம் இந்தியாவுக்கு அரை மணி முந்தி இருந்தோம். சித்திரைப் பிறப்பு கழிந்ததும் பதினைந்தாம் தேதி எல்லாரும் அரை மணி பின்னுக்கு வைக்க வேண்டும். லயத்தில் ஒரே குழப்பம். இரண்டு அலாரம் மணிக்கூட்டை எடுத்துப் போய், ஒன்றை இந்தியா என்றும் மற்றதை இலங்கை என்றும் வைத்து, லயம் லயமாக விளக்கினேன். "அங்கே ஏழரைக்கு வருகிற நாடகம் இங்கே எட்டுக்கு வந்தது. இனி இங்கேயும் ஏழரைக்கே வரும்." எல்லாருக்கும் விளங்கியது. நல்ல பாடம்.

ஏப்ரல் 15, சனி

கைமணிக்கூடு, சுவர் மணிக்கூடு, டெக்கின் மணி, மூன்றையும் அரை மணி பின்னுக்கு வைத்தேன். கோயில் மணிக்கூட்டையும் வைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 20, வியாழன்

இந்த வாரம் முழுக்க குவாட்டஸில் சாமான் கட்டுகிறேன். மாலையில் பஸ் பக்கம் போகவே நேரமில்லை. டெக் பார்த்துக்கொள்ளும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

எப்படி எழுதுவது?

நேற்று அரநாயக்கவில், பக்கத்து வீட்டில், பிள்ளைகள் உட்பட பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போன கேசட்டின் கடைசியில் பூங்கொடியை யாரோ கிணற்றில் தள்ளியிருந்தார்கள். ஒரு வாரமாக இந்தப் பெண்களுக்குத் தூக்கமில்லையாம். கேசட்டைப் போட்டேன். திரையில் யாரோ ஒருத்தி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கிச் சிரித்தாள்.

"இவ யாருங்க?" என்றாள் இருளாயி.

"முன்னால் கொஞ்சம் விளம்பரம் இருக்கும்," என்றேன்.

அரை மணி நேரமும் அவள்தான். செவ்வாய்க்கிழமையும் அவள்தான். ஐந்து நாளும் அவள்தான்! பழைய மணிப்படி எட்டரைக்கு வந்த அடுத்த நாடகம் அது.

அங்கேயே விளங்கிவிட்டது. டெக்கின் மணியைத் திருத்தினேன். ஆனால் "எட்டு மணிக்குப் பிடி" என்று முன்பு சொல்லி வைத்ததைத் திருத்தவில்லை. நாடகம் ஏழரைக்கு ஓடி முடிந்த பிறகு எட்டுக்கு விழித்திருக்கிறது. நான் கையே வைக்காமல் விட்டிருந்தால் டெக் பழைய மணியிலேயே ஓடி, எல்லாவற்றையும் சரியாகப் பிடித்திருக்கும். நாலு லயத்துக்குப் பாடம் நடத்தினவன் நான்!

"தோட்டத்துக்கே மணி சொல்லிக் குடுத்தீகளாமே," என்றாள் ஒரு கிழவி.

இருளாயி கேசட்டை வெளியே எடுத்து என் பையில் போட்டாள். வெளிக்கிடும்போது சோற்றுப் பார்சலைக் கையில் தந்தாள். "பாத்துப் போங்க. நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

இந்த முறை சிரிக்கவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

நாடகம் போனால் போகட்டும் என்று விட முடியுமா? முடியாது. பங்கு எடுத்து வைக்கச் சொன்னாள். நான் வைக்கவில்லை. அவள் கேட்டது அவ்வளவுதானே?

பாடத்துக்கு வராத பிள்ளைக்கு என்ன செய்வோம்? மற்றப் பிள்ளைகளிடம் கொப்பி வாங்கி எழுதச் சொல்வோம்.

ஏப்ரல் 26, புதன்

விடியற்காலை பெரட்டுக்களத்தில், பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், பெண்களிடம் விசாரித்தேன். கேபிள் உள்ள வீடுகளில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒருத்தி சொல்வதும் இன்னொருத்தி சொல்வதும் ஒத்துவரவில்லை.

"தள்ளுனது மாமியாதான், சேர்."

"இல்ல சேர், ஓரகத்தி! இவ அடுப்படிக்கும் டிவிக்கும் ஓடிக்கிட்டுல்ல பாத்தா!"

"யாரும் தள்ளலங்க. கால் வழுக்கிருச்சு."

கங்காணி வந்து, "என்ன மாஸ்டர், பொலிஸ் கேஸா?" என்று கேட்டார். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "ஓரகத்திதான். நானும் பாத்தேன்" என்று சொல்லிப் போனார்.

ஏப்ரல் 28, வெள்ளி

கொப்பியில் எழுதி முடித்தேன். தப்பிய வாரத்தின் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி தெளிவாக இருக்கிறது. கருத்து வேறுபாடுள்ள இடத்தில் இரு தரப்பையும் எழுதி, கங்காணியின் சாட்சியையும் சேர்த்திருக்கிறேன். புதன்கிழமைதான் கிடைக்கவில்லை. அன்று மழையில் தோட்டம் முழுக்கக் கேபிள் வேலை செய்யவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை.

வெறும் பக்கம் விடலாமா? செவ்வாய் கிணற்றில் இருந்தவள் வியாழன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இடையில் என்ன நடந்திருக்கும் என்பது தெரிந்ததுதானே. எழுதினேன். இரண்டரைப் பக்கம். தபாலில் போட்டாயிற்று.

ஏப்ரல் 30, ஞாயிறு

குவாட்டஸைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் முதல் நாள். சமமான தரைதான். ஆனாலும் எல்லாப் பக்கமும் சரிந்து கிடக்கிறமாதிரி இருக்கிறது.

டெக்கில் போன திங்களன்றே ஏழரை என்று திருத்திவிட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன். யாருக்காகப் பிடிக்கிறேன்?

மே 6, சனி

ஓப்பநாயக்கவில் கொமியூனிகேஷன் கடையிலிருந்து மருமகனின் போனுக்கு எடுத்தேன். இருளாயி வாங்கிப் பேசினாள்.

"வாத்தியாரே, கொப்பி வந்துச்சு. சுகந்தினி வாசிச்சா, எல்லாரும் கேட்டாங்க."

"விளங்கியதா?"

"புதன்கிழம யாரு சொன்னது?"

"பல பேர்..."

"பொய். கெணத்துக்குள்ள குளுர்ல கெடக்குறவ, பொறுமையைப் பத்தி மூணு உதாரணம் சொல்லிக்கிட்டா கெடப்பா? அதுல ஒண்ணு நத்தை!"

அந்தப் பக்கம் வேறு பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பூங்கொடி பேசல, நீங்கதான் பேசுறீங்க," என்றாள். பிறகு, "கெணத்துல ஒத்தையா இருந்தா எப்படின்னு எழுதிருக்கீங்களே, அது பஸ்ஸுல இருந்துக்கிட்டா எழுதுனீங்க?"

"குவாட்டஸில். சாமானெல்லாம் கட்டின பிறகு."

"ம்."

போனை வைத்துவிட்டாள்.

மே 14, ஞாயிறு

பத்தரை மணி பஸ்ஸில் இருளாயி வந்து இறங்கினாள். பெட்டி, பாய், கோழி ஒன்று. நான் சொல்லவில்லை, கூப்பிடவில்லை. முன்கதவால் ஏறினாள். கட்டிலை இந்தப் பக்கம் இழுத்தாள், அடுப்பை அந்தப் பக்கம் தள்ளினாள். பின்கதவை உள்ளேயிருந்து கம்பி போட்டுக் கட்டினாள்.

"ரிமோட்ட உங்ககிட்ட விட்டா கதை கெட்டுப்போகும். இனிமே மணியில கை வைக்காதீங்க."

வைக்க மாட்டேன்.

ஜூன் 4, ஞாயிறு

பெல்மதுளை வரை ஒரு ஓட்டம் போய் வருவோமா என்று கேட்டேன். மக்கீன் எஞ்சினையும் பார்த்துக் கொடுத்திருக்கிறான்.

"நகத்துனா படம் போயிரும்," என்றாள்.

அதிவிசேட சித்தியைக் கலைக்க எனக்கும் மனமில்லை.

ஜூலை 12, புதன்

தோட்டத்துக் கிளாக்கர் சுரேந்திரன் வந்தார். பைல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மாஸ்டர், தொரை கேக்கச் சொன்னாரு. இது வாகனமா, வீடா? வாகனம்னா நிறுத்தி வைக்கலாம். வீடுன்னா தோட்டக் காணியில கட்ட ஏலாது."

வாகனம் என்பதற்கு நான் வரைவிலக்கணம் சொல்லத் தொடங்கினேன். இருளாயி உள்ளேயிருந்து தலையை நீட்டினாள்.

"வாகனந்தான் அய்யா. பஞ்சரு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

இரண்டு நாடகம் முடியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மக்கீன் காலையில் ஜாக் கொண்டுவந்தான். பஸ்ஸைக் கருங்கல்லின் மேல் ஏற்றி வைத்தோம். தண்ணீர்த் தட்டு இம்மியும் அசையவில்லை. ஆறு டயரில் ஐந்தைக் கழற்றியாயிற்று. அவற்றில் மண் நிரப்பி, இரண்டில் மிளகாய், ஒன்றில் வெண்டி, மற்ற இரண்டிலும் கறிவேப்பிலை நட்டிருக்கிறாள் இருளாயி. கறிவேப்பிலை கைக்கு வர மூன்று வருடமாவது ஆகும் என்றேன். "ஆகட்டும்," என்றாள்.

முன்னால் இடது பக்கத்து டயரை மட்டும் கழற்ற வேண்டாமென்று சொல்லிவிட்டாள். கிளாக்கரய்யா வந்தால் பஞ்சர் என்று காட்டுவதற்காம்.