கம்மலுக்கு என்ன பொருள்?

மார்ச் 4

அன்புள்ள பாட்டுக்காரருக்கு,

நான் நலம். எக்ஸ்ரே அறையில் "மூச்சை இழுங்க, விடாதீங்க" என்று சொல்லியே பொழுது போகிறது. பாட்டுப் பதிவு முடியும்வரை உங்கள் குழுவின் நாலு பேரையும் ஒரே வீட்டில் தங்கவைத்து, போனையும் தயாரிப்பாளர் வாங்கிப் பூட்டிவிட்டது நல்லதாகப் போயிற்று. போனில் "அப்புறம்?" என்பதைத் தாண்டி நீங்கள் எப்போது பேசினீர்கள்?

அனுப்பிய ராக் பாட்டைக் கேட்டேன். கிடார் காதைக் கிழித்தது, பிடித்திருந்தது. வரிகள்தான் தொண்டையில் முள்ளாக நிற்கின்றன.

காயாத குடை ஒன்று கட்டில் ஓரம்
கழற்றிய கம்மல் கண்ணாடி மேலே
கடித்த ஆப்பிள் கறுக்கும் நேரம்
கதவே கதவே சும்மா இரு

யாருடைய கம்மல்?

வேலையை விட்டுவிட்டு உங்களோடு வந்துவிடச் சொல்கிறீர்கள். ராஜினாமாவை எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வந்ததும் கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 9

என் சந்தேகப் பிராணிக்கு,

விழுந்து விழுந்து சிரித்தேன். இங்கே நாலு தடியன்களும் ஒரு சமையல்காரக் கிழவரும்தான். ஒருத்தர் காதிலும் ஓட்டை கிடையாது. பெண் வாடையே இல்லாத வீடு.

அதெல்லாம் குறியீடு அம்மா! கம்மலைக் கழற்றினால் காது வெறும் காது. யார் சொல்வதையும் கேட்காத உலகம் அது. நனைந்த குடை, காப்பாற்ற வந்து தானே நனைந்து நிற்கும் அதிகாரம். கறுக்கிற ஆப்பிள், நம் இளமை. கதவு, மரணம். இப்போது புரிகிறதா?

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வா. நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உன் பாட்டுக்காரன்

மார்ச் 14

அன்புள்ள பாட்டுக்காரருக்கு,

நம்பலாம் என்றுதான் நினைத்தேன். உங்கள் விளக்கத்தை என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அதிகாரம் எதுக்குடி கட்டில் பக்கத்துல வந்து நிக்குது?" என்றாள்.

மரணத்தை யாராவது "சும்மா இரு" என்று அதட்டுவார்களா? சத்தம் போட்டு மாட்டிவிடாதே என்று கதவைக் கெஞ்சுவதுபோல் எனக்குக் கேட்கிறது. நான் படம் எடுக்கிறவள், வாசிப்பது டாக்டர் வேலை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் எலும்பு முறிந்திருந்தால் எனக்கும் தெரிகிறது.

கைப்பை இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. என்னைச் சமாதானப்படுத்துங்கள். பொய்யென்று தோன்றாத மாதிரி ஏதாவது சொல்லுங்கள், போதும்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 19

அடியே,

உன்னோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குறியீடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மெட்டு முதலில் வந்தது. பாடிப் பார்க்க வார்த்தை வேண்டுமே என்று இங்கே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் போட்டு நிரப்பினேன். டிரம்மருக்குப் பிடித்துப்போய், மாற்றவே கூடாது என்றுவிட்டான்.

நான் எழுதும் லட்சணம் உனக்குத் தெரியாதா? என் முதல் பாட்டில் வந்த நம் வீட்டு ஒழுகும் குழாயை மறந்துவிட்டாயா? நாட்டின் கண்ணீர் என்று பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நாம் இரண்டு பேரும் அந்தக் குழாயடியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோமே! எதிரில் இல்லாத ஒரு பொருளை எனக்கு எழுதவே வராது. இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

பெட்டியைக் கட்டு.

உன் பாட்டுக்காரன்

மார்ச் 24

பாட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை என்று நம்புகிறேன். எதிரில் இல்லாததை உங்களுக்கு எழுத வராது. அந்த அறையில் குடை இருந்தது, ஆப்பிள் இருந்தது, கண்ணாடி மேல் கம்மலும் இருந்தது.

அது குறியீடாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அழுதுகொண்டே நினைத்தேன். மரணம், அதிகாரம், எதுவாக இருந்தாலும் அதோடு குடித்தனம் நடத்தியிருப்பேன்.

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். வர மாட்டேன்.

நேற்று ஆள் வந்து சமையலறைக் குழாயை மாற்றினார். இப்போது ஒழுகுவதில்லை. இதற்கு வேறு பொருள் தேட வேண்டாம். குழாய் குழாய்தான்.

எக்ஸ்ரேக்காரி