தோல் உரித்த ஆரஞ்சு

என் மகளுக்கு,

போன இரண்டு கடிதங்களும் உனக்குக் கிடைத்திருக்கும். பதிலை எதிர்பார்த்து இதை எழுதவில்லை.

இன்று என் ஆசிரியர் பயிற்சி மாணவி ஒருத்தி மூன்றாம் வகுப்புக்கு, மிதக்கும் பொருள் மூழ்கும் பொருள் பாடம் எடுத்தாள். மதிப்பெண் போட நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாளித் தண்ணீரில் ஆரஞ்சு மிதந்தது. ஒரு சிறுமி எழுந்தாள்.

“தோலை உரிச்சுட்டுப் போட்டா மூழ்குமா டீச்சர்?”

“புத்தகத்துல இருக்கறத மட்டும் கேளு. உக்காரு.”

அதன்பின் அந்தக் குழந்தை வாளிப் பக்கம் திரும்பவே இல்லை.

வகுப்பு முடிந்ததும், “உரிச்சுப் போட்டுக் காட்டியிருக்கலாமே?” என்றேன்.

“நான் முதல் வருஷம் கேள்வி கேட்டப்ப நீங்க இப்படித்தானே சொன்னீங்க மேடம்?” என்றாள். கோபமில்லை. பாராட்டுவேன் என்று நின்றாள்.

இருபத்திரண்டு வருடமாக இவளைப் போன்றவர்களைத்தான் பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன்.

வீட்டுக்கு வந்து ஓர் ஆரஞ்சை உரித்துத் தண்ணீரில் போட்டேன். மூழ்கியது. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை.

சின்ன வயதில் நீ எந்தக் கேள்வியுமே கேட்க மாட்டாய். அடக்கமான பெண் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

உன் குழந்தையை என்னிடம் விடமாட்டேன் என்று நீ சொன்னபோது கத்தித் தீர்த்தேன். விடாதே.

அம்மா