ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெருக்கள்

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதிராம்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, எண்ணெய் ஊறிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்கள். பிரிக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்த வாடா. இரண்டு வாடா தின்றேன். இந்த வயதில் இரண்டு அதிகம் என்று சொல்ல நீ இல்லை. போன கார்த்திகையில் போய்விட்டாய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ பூகோளம், நான் தமிழ். தனியாக வந்த பெண்களுக்கு வீடு கிடைக்காத காலம். வேறு வழியில்லாமல்தான் ஒரே அறையில் தங்கினோம். என் அப்பா மிராசுதார். உன் அப்பா பண்ணையாள். நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். ஆனாலும் இருபத்து மூன்று வயதுவரை நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய்: "வேதாரண்யம் வரைக்கும் போயிட்டு வரலாமா, வர்றீங்களா?"

"எதுக்கு? கோயிலுக்கா?"

"கடைத்தெருவப் பாக்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடைத்தெருவில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் கரி எஞ்சின் ரயிலில் உட்கார்ந்து, தலைமுடியெல்லாம் கரித்தூளாக அங்கே போய் இறங்கியதும் நீ எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாய். ஒரு பக்கமாகவே நடந்து கோடி வரை போக வேண்டும். மறுபக்கமாகத் திரும்ப வேண்டும். முதல் நடையில் எதுவும் வாங்கக் கூடாது. உப்பு வண்டிகள், பாய்க்கடை, பூட்டு ரிப்பேர்க்காரர், வாசலில் ரேடியோ வைத்த முடிதிருத்தகம், இரண்டு வண்ணக் கொடி பறக்கும் படிப்பகம். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த அந்தப் படிப்பகத்துக்குள் நீ நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தாய். அத்தனை பேரும் கையிலிருந்த பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நடுப்பக்கம் வேணுமா தாயி?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது சொன்னாய்: "எங்க ஊர்ல நான் செருப்பு போட்டு நடக்க முடியாத தெரு நாலு இருக்கு. இங்க ஒண்ணும் இல்ல." சும்மா, மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாய். என் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அந்த நாலு தெருவும் எங்கள் தெரு மாதிரி மிராசுதார் தெருக்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி. பேராவூரணியில் தேங்காய் உரிக்கும் பெண்களோடு பேசி, நீயும் ஒன்றை உரிக்க முயன்று கையைக் கிழித்துக்கொண்டாய். நாகூரில் அத்தர் கடைக்காரர் நம் புறங்கையில் ஒவ்வொன்றாகத் தடவ, ரயிலில் எதிரே இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சில ஊர்களில் நான் டீக்கடை பக்கம் திரும்பினால், "இங்க வேணாம், அடுத்த கடை" என்பாய். டீயின் ருசிக்காகச் சொல்கிறாய் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தனி கிளாஸ் வைத்திருக்கும் கடையை வாசலிலிருந்தே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்ததும் உன்னிடம் சொல்லவில்லை. அடுத்த கடைக்கு உனக்கு முன்னால் நான் போக ஆரம்பித்தேன்.

இரண்டாவது வருஷம் தை பிறக்கும் நேரத்தில் அறுப்பு நின்றது. கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாள் தொடுவோம் என்று உன் ஊரும் சொன்னது, எங்கள் ஊர்ச் சேரியும் சொன்னது. உன் அண்ணன் செங்கொடியோடு எங்கள் களத்துமேட்டுக்கே வந்து பேசினார். ஒரு வாரத்தில் அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அப்பாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது: அந்த அறையை உடனே காலி செய். உன் வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்: "மிராசு வீட்டுப் பொண்ணோட உனக்கு என்ன சுத்தல்?"

மூன்று வாரம் ஒரே அடுப்பில் சமைத்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் தின்றோம். கோபம் இல்லை. எதைப் பேசினாலும் அந்த வயலில் போய் நிற்கும் என்ற பயம். நான் பெட்டியில் துணியை அடுக்கக்கூடத் தொடங்கியிருந்தேன். நாலாவது ஞாயிறு காலை நீ செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய்.

"அதிராம்பட்டினம் நாம இன்னும் பாக்கல. வர்றீங்களா?"

வந்தேன். அந்தக் கடைத்தெரு இப்போதும் கண்ணில் நிற்கிறது. வெளிநாட்டுத் துணி, வலைக்கயிறு, மாசிக் கருவாடு, வெள்ளைத் துப்பட்டியில் குழந்தைகளோடு போகும் பெண்கள், எல்லாவற்றுக்கும் மேல் கடல் காற்று. ஒரு கடையில் பாய் ஒருவர் வாடா சூடாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே தட்டில் வாங்கி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். அப்போதுதான் நிமிர்ந்தேன். எதிரே அப்பா நின்றிருந்தார். நம் பக்கத்தில் யாரும் அறுக்க வராததால், கடற்கரைப் பக்கம் ஆள் பிடிக்க வந்திருக்கிறார்.

நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை.

"உக்காருங்க ஐயா. டீ சொல்லட்டுமா?" என்றாய்.

நீ யாருடைய தங்கை என்று அப்பாவுக்குத் தெரியும். தட்டைப் பார்த்தார். உன் கை அதில் இருந்தது. என் கையும் சற்று முன்புவரை அதில்தான் இருந்தது. "வேணாம்," என்றார். என்னிடம் திரும்பி, "நாலு மணி வண்டி. என்னோட ஊருக்குக் கெளம்பு," என்றார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குப்பா. இந்தப் பக்கம் மட்டும்தான் பாத்திருக்கோம். மறுபக்கம் இன்னும் இருக்கு." சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். கூட்டத்தில் அவர் வேட்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீங்க போயிருக்கலாம்ல?" என்று கேட்டாய்.

"நீங்க எந்திரிச்சிருக்கலாம்ல?"

உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை. தட்டில் மிச்சமிருந்ததை என் பக்கம் தள்ளிவிட்டு, "தின்னுட்டு எந்திரிடி. மறுபக்கம் பாக்கணும்ல," என்றாய். ஒன்றரை வருஷமாக 'நீங்க' என்று கூப்பிட்டவள், அந்தத் தெருவில்தான் முதன்முதலாக 'டி' போட்டாய்.

அப்பாவுக்கு வெளியாள் கிடைக்கவில்லை. தாசில்தார் முன்னிலையில் பேச்சு நடந்தது, கூலி உயர்ந்தது, எங்கள் ஊர் ஆட்களே அறுத்தார்கள். உன் அண்ணனும் வெளியே வந்தார். அறையைக் காலி செய் என்று மறுபடி கடிதம் வரவில்லை.

நான் உன்னிடம் கடைசிவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அடுத்த வருஷம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அப்பா சொன்னார்: "அன்னிக்கு அந்தப் பொண்ணு எந்திரிக்கவே இல்ல." நான் அடுத்த வார்த்தைக்குப் பயந்து நின்றேன். "அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோணுச்சு. அந்தத் தெருவுல நிக்கும்போது தோணல." அவ்வளவுதான். அவர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்கு நீ வந்ததே இல்லை, அவரும் கூப்பிட்டதில்லை. உன்னிடம் சொன்னால், 'இதுக்கு நான் சந்தோஷப்படணுமா?' என்று கேட்பாய் என்று பயந்து விழுங்கிவிட்டேன். இப்போது சொல்கிறேன். கேட்டுக்கொள்.

அதற்குப் பிறகு எத்தனை தெருக்கள்! கல்யாணம், பிள்ளைகள், மாற்றல் எல்லாவற்றுக்கும் நடுவே வருஷத்துக்கு நாலு ஞாயிறாவது நமக்கு மிஞ்சியது. கடைசியாக மல்லிப்பட்டினத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு தடியோடு நடந்தோம். முழங்கால் வலித்தாலும் மறுபக்கத்தை விடவில்லை.

இப்போது தனியாகப் போகிறேன். மகன் வேண்டாம் என்கிறான், கேட்பதில்லை. சின்ன ஊர்களில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாராவது, "எந்த ஊரும்மா? யார் வீட்டு ஆளு?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் நான் கடைத்தெருவில் பாதி தூரம் போயிருப்பேன்.