முப்பத்தொன்றாம் தேதி மேசை

இன்று காலை கோவில்பத்திலிருந்து வேலைக்கு வரும்போது பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. வண்டி நிறையச் சவுக்கு. அப்போதுதான் வெட்டியது போலிருக்கிறது, நுனிப்பச்சையைக்கூடக் கழிக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், வழி கிடைக்கவில்லை. அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஏதோ கேட்டாள். பதில் சொன்னேனா என்று தெரியவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன், ஆபீசில் கையெழுத்துப் போட்டேன், வேலையைப் பார்த்தேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான், நீங்கள் போன பிறகு வருகிற முதல் டிசம்பர் இது என்று நினைப்பு வந்தது. நினைப்பு மட்டும்தான். வேறு ஒன்றும் வரவில்லை.

கடிதம் என்றால் மேலே ஏதாவது விளித்து எழுத வேண்டும். உங்களை என்னவென்று எழுதுவது? சில வருஷம் நீங்கள் எனக்குச் சம்பந்தியம்மா. அப்புறம் பிள்ளைகள் அந்த உறவை முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நாம் ஒருவரையொருவர் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏங்க', 'இந்தாங்க', 'பாருங்க' என்றே ஓட்டிவிட்டோம். அதனால் மேலே ஒன்றும் போடாமல் எழுதுகிறேன்.

கல்யாணத்தன்றே எனக்கு உங்கள்மேல் கோபம். மண்டப வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைக்கும் வரவேற்பு மேசை பெண் வீட்டுக்காரர்களான எங்கள் பொறுப்பு. கடை கடையாகத் தேடி வாங்கிய பிளாஸ்டிக் ரோஜாக்களை இரண்டு பக்கமும் அடுக்கி வைத்திருந்தேன். நீங்கள் காரிலிருந்து இறங்கி நேரே வந்தீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோஜாக்களை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தீர்கள். வாசலில் கட்டியிருந்த வாழையிலிருந்து பூவின் மடலை உரித்து, அந்தச் சிவப்புத் தோணிக்குள் மஞ்சள் சாமந்தியை நிரப்பி நடுவில் வைத்தீர்கள்.

"இப்ப நல்லாருக்கு பாருங்க" என்றீர்கள்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

மகளும் மாப்பிள்ளையும் பிரான்சிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது, டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் தலத்தெருவில் உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். காலமாகிவிட்ட உங்கள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், நீங்களும் அங்கே பல வருஷம் குடித்தனம் நடத்தியவர் என்று தெரியும். ஆனாலும் அந்த மேசையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். வெள்ளை விரிப்பு. நடுவில் நீளவாக்கில் சவுக்குக் கிளைகளைப் படுக்க வைத்து, இடையிடையே ஊதா நிற டிசம்பர் பூ. ஓரத்தில் மருக்கொழுந்து. ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு நந்தியாவட்டை.

"அங்க பைன் மரத்துக் கிளை வெப்பாங்க. இங்க அதுக்கு எங்க போறது? சவுக்கு அதுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்" என்றீர்கள்.

சாமி படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்து அந்த மேசையில் மெழுகுவத்தி ஏற்றினீர்கள். உங்களுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகத் தோன்றவில்லை. எங்கள் வயலில் அப்போது சம்பா கதிர் வாங்கியிருந்தது. அடுத்த வருஷம் நான் சும்மா வரக்கூடாது என்று ஒரு பிடி பச்சைக் கதிர் அறுத்துக்கொண்டு வந்தேன்.

"பால் பிடிக்கிற கதிர எவளாவது அறுப்பாளா?" என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

நீங்கள் பித்தளைச் செம்பைத் தேய்த்துக்கொண்டு வந்து அந்தக் கதிரை அதில் நிறுத்தினீர்கள். அன்றைக்குத்தான் என் கோபம் போனது என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து மத்தியானமே நான் வந்துவிடுவேன். நீங்கள் கிளை கழிப்பீர்கள், நான் பூவைத் தரம் பிரிப்பேன். அதிகம் பேசமாட்டோம். கடல் உள்ளே வந்த வருஷம் மட்டும் மேசை போடவில்லை. நீங்களும் நானும் விரிப்புகளையும் போர்வைகளையும் மூட்டை கட்டி, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

பிறகு ஒருநாள் என் மகள் போன் செய்தாள். "அம்மா, நாங்க பிரிஞ்சிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. ஒத்து வரல, அவ்வளவுதான்."

"சரிம்மா" என்றேன். அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தேன். என் வீட்டுக்காரர் கத்தினார், உங்கள் வீட்டு மனிதர்களை ஒருவர் விடாமல் திட்டினார். "இனிமே அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார். தலையாட்டினேன்.

அந்த டிசம்பரில் யாரும் ஊருக்கு வரவில்லை. முப்பத்தொன்றாம் தேதி ஆபீஸ் முடிந்து பஸ் ஏறினேன். தலத்தெருவில் நின்றதும் என்னை அறியாமல் இறங்கிவிட்டேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் மேசை வெறுமையாக இருந்தது. கீழே ஒரு குவியல் சவுக்குக் கிளை. நீங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"பழக்கத்துல வெட்டியாரச் சொல்லிட்டேங்க. வீணாப் போவுது" என்றீர்கள்.

நான் கைப்பையை வைத்துவிட்டு உங்களுக்கு எதிரே உட்கார்ந்தேன். இருவரும் கிளை கழித்தோம். பிள்ளைகளைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேசை போட்டு, ஆளுக்கொரு தட்டு வைத்து, நீங்கள் செய்திருந்த இடியாப்பத்தையும் குழம்பையும் சாப்பிட்டோம். கிளம்பும்போது "பாத்துப் போங்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

வீட்டில் தெரியாமல் இருக்குமா? "அவங்க யாரு நமக்கு இப்ப?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தட்டை எடுத்துவைத்துச் சோறு போட்டேன்.

அடுத்த வருஷம் நீங்கள் என் ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்றீர்கள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"அவன் வர்றான். கூட ஒரு பொண்ணக் கூட்டிட்டு வர்றான். வெள்ளக்காரப் பொண்ணு. அங்கயே ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டாங்களாம்" என்றீர்கள்.

"சரிங்க."

"மேசை போடணும். காலைலேருந்து கிளையக் கையில எடுக்குறேன், வெக்கிறேன். கை வரலீங்க. உங்களக் கேக்கக் கூடாது. வேற யாரக் கேக்குறதுன்னு தெரியல."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உங்களோடு வந்தேன். எனக்கு அழுகையோ கோபமோ வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன கால் நமக்குச் சொந்தமில்லாதது போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கை மட்டும் வேலை செய்தது. கிளைகளைப் படுக்க வைத்தது, டிசம்பர் பூவைச் செருகியது. தட்டுகளுக்குப் பக்கத்தில் நந்தியாவட்டை வைத்துக்கொண்டு வந்தேன். என் மகள் எப்போதும் உட்காருகிற ஜன்னலோர நாற்காலி வந்தது.

"இங்க யாருங்க?" என்றேன்.

நீங்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். கூடையில் பூக்களைப் பார்த்தேன். இருந்ததில் பெரியதாக, இதழ் கசங்காததாக ஒன்றை எடுத்து அங்கே வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வரப்போகிறவளும் ஒரு வீட்டுப் பெண்தானே என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை.

"இருங்க, அவங்க வந்தா வரட்டும். சாப்பிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்தீர்கள். விடுவித்துக்கொண்டு கிளம்பினேன். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது மெட்ராஸ் டாக்சி ஒன்று உங்கள் தெருவுக்குள் திரும்பியது. உள்ளே யார் என்று பார்க்கவில்லை.

இந்த ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், நெஞ்சுவலி வந்துவிட்டதாம். எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூட வேலை பார்க்கிறவர் தலத்தெருவில் பந்தலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வந்தேன். மகன் வந்து சேரும்வரை உங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. உறவுக்காரப் பெண்கள் தலைமாட்டில் இருந்தார்கள், அக்கம்பக்கத்தார் வெளியே நாற்காலியில் இருந்தார்கள். நான் நிலைப்படி ஓரத்தில் நின்றேன். பெட்டிமேல் மாலைகளாகப் போட்டு உங்கள் முகமே தெரியவில்லை. நான் போய் ஒவ்வொன்றாக எடுத்துக் கால்மாட்டில் அடுக்கினேன்.

தலைமாட்டில் இருந்த ஒரு அம்மாள், "நீங்க யாரும்மா, என்ன உறவு?" என்றார்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

மறுநாள் உங்கள் மகனும் அந்தப் பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டு ஆண்கள் குளித்துத் திரும்பும் நேரம். நம் பக்கத்தில் இழவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அன்றைக்குச் சாப்பாடு சம்பந்தி வீட்டிலிருந்து வர வேண்டும். இந்த வீட்டுக்குச் சம்பந்தி எங்கேயோ பிரான்சில் இருக்கிறார்கள். யாரைச் சொல்வது என்று பெரியவர்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் இறங்கினார். பின்னால் அண்டாவில் சோறு, சாம்பார், கூட்டு, மோர். நான் ஓடிப்போய் அவரைப் பார்த்தேன்.

"என்னங்க இது?"

"என்ன என்னங்க? யாராச்சும் கொண்டாரணும்ல? இலையப் போடச் சொல்லு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தி முடிகிற நேரத்தில் அந்தப் பெண்ணைத் தேடினேன். கொல்லைப் பக்கம் தனியாக நின்றிருந்தாள். யாரோ கட்டிவிட்ட புடவை, மழையில் நனைந்திருந்தது. ஒருவரும் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்து இலை போட்டேன். எப்படிப் பிசைவது என்று தெரியாமல் இருந்தாள், பிசைந்து காட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உங்கள் மகனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவன் குனிந்து பதில் சொன்னான். அவள் எச்சில் கையை இலையிலேயே விட்டுவிட்டு, இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மேசை நீங்க போட்டதுன்னு அம்மா இவகிட்ட சொல்லியிருக்காங்க அத்தை" என்றான் அவன். "இவ தட்டுகிட்ட பூ வெச்சது நீங்கதான்னும் சொன்னாங்களாம். அவங்கதானா இவங்கன்னு கேட்டா."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அவள் பிடித்திருந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.

என் மகள் போனில் கேட்டாள், "அழுதியாம்மா?" என்று. இல்லை என்றேன். அவள்தான் அந்தப் பக்கத்தில் அழுதாள். எனக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. வந்தால் வரட்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மகன் எனக்குப் போன் செய்கிறான். கொஞ்ச நேரம் பேசிவிட்டு அவளிடம் கொடுக்கிறான். "நல்லாயிருக்கீங்களா?" என்கிறாள். "நல்லாயிருக்கேம்மா" என்கிறேன். அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை, என்னிடம் அவள் பாஷை இல்லை. இரண்டு பேரும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறோம். அவள் மூச்சு விடுவது கேட்கிறது. எனக்கும் வைக்க மனசு வருவதில்லை, அவளும் வைப்பதில்லை.