பிளக்கைப் பிடுங்கினவருக்கு

ஏங்க, சாப்பாடு மேசைமேல மூடி வெச்சிருக்கு. சூடு பண்ணிக்கோங்க.

நேத்து சட்டையை அயர்ன் பண்ண வேற இடமே கிடைக்காத மாதிரி என் கம்ப்யூட்டர் சர்வர் பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டீங்க. நம்ம கல்யாணப் போட்டோவெல்லாம் அதுல ஏத்திட்டிருந்தேன். பாதியில நின்னுபோச்சு; திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். கேட்டா, "அந்தப் பெட்டி அப்படி என்னத்தைக் கிழிக்குது?"ன்னீங்க.

இப்பச் சொல்றேன். வீட்டுல நீங்க டீயோட உட்கார்ந்து போன்ல செய்தி படிக்கும்போது ஒரு விளம்பரம்கூடக் குறுக்க வராம இத்தனை வருஷமா தடுத்தது அந்தப் பெட்டிதான். உங்க போனுக்கு மட்டும் காலையில அந்தத் தடுப்பை எடுத்துட்டேன். இனி நிம்மதியா படிங்க.

பி.கு.: மதியம் உங்க அம்மா வராங்க. அவங்க போன்ல விளம்பரம் வராது. அவங்க எந்தப் பிளக்கையும் பிடுங்கல.